படுத்துப் பார்த்த ஓவசியர்

சுருவில் ஊர்க் கனகசபைக்குச் சீமெந்தின் மேல் இருந்த காதலைப் பற்றி அவருடைய மனைவி மீனலோசனி சொன்ன ஒரு கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை. "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டு இவர் முதலிலை எங்கடை வீட்டு நிலத்தைத்தான் குனிஞ்சு தட்டிப் பாத்தவர். அதுக்குப் பிறகுதான் நிமிந்து என்னைப் பாத்தவர்."

கனகசபை இதை மறுத்ததில்லை. நிலம் வெடித்திருந்தது என்று மட்டும் சொல்வார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில் அவர் அரசாங்கத்தில் ஓவசியராகச் சேர்ந்தார். தீவுப் பகுதியில் மதகு கட்டினாலும் பள்ளிக்கூடம் கட்டினாலும் தெருவுக்குக் கல் பரப்பினாலும், மேலே நின்று பார்ப்பது அவர் வேலை. காக்கிக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, றலி சைக்கிள். கொழும்பில் படித்த காலத்தில் அங்கே புதிதாக எழும்பிய வீடுகளைப் பார்த்து அவருக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. ஓடு கூடாது, ஓலை கூடாது, மண் கூடாது. எல்லாம் சீமெந்தாக இருக்க வேண்டும்.

அறுபத்தொன்றில் தன் வளவில் அப்படியே ஒரு வீட்டைக் கட்டினார். மேலே தட்டையான கொங்கிறீற் கூரை. மேற்குப் பக்கம் முழுநீளச் சுவர். யன்னல்களில் திறக்காத கண்ணாடி. வளவில் நின்ற முருங்கை, மாதுளை, பூவரசு எல்லாம் வெட்டுப்பட்டன. வேர் அத்திவாரத்தைத் தூக்கும் என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு வேம்பு மட்டும் தப்பியது. அது மரத்தின் கெட்டித்தனத்தால் தப்பவில்லை. எல்லை வேலியில் நின்றபடியால், அது தன்னுடையது என்று பக்கத்து வளவுத் தம்பையா வழக்குப் பேசினார். வழக்கு முடியாதவரை கோடரி வைக்க முடியாது. வழக்கோ முடிகிற வழக்கில்லை.

புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கனகசபை கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

"தூசி வராது. பூச்சி வராது. பாம்பு வராது."

"காத்தும் வராது," என்றார் மீனலோசனி, பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே.

"கரண்டு வரும். வந்தால் விசிறி பூட்டலாம். இஞ்சை பாரும், கொழுக்கி இப்பவே வைச்சிருக்கிறன்."

மின்சாரம் வருவதாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். அது வருவதற்குள் அந்தக் கொழுக்கியில் மீனலோசனி வாழைக்குலை தூக்கிப் பழுக்க வைக்கத் தொடங்கினார். அந்த அறைச் சூட்டில் இரண்டு நாளில் பழுத்துவிடும். அந்த வீட்டால் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

பங்குனி, சித்திரை வந்தபோது கூரை பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவு முழுவதும் அதைத் திருப்பித் தந்தது. மீனலோசனி சண்டை பிடிக்கவில்லை. மெல்ல மெல்லக் குடியைப் பெயர்த்தார். முதலில் குசினி அடுப்போடு வேம்படிக்குப் போனது. பிறகு மத்தியானப் பாய். பிறகு தையல் மெஷின். மகள் கமலாதேவி தன் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு தாயைப் பின்தொடர்ந்தாள். பற்றறி றேடியோவும் ஒருநாள் வெளியேறியபோது வீட்டுக்குள் மிஞ்சியவர் கனகசபை மட்டுமே. அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெனியன் முதுகோடு ஒட்ட, பேப்பர் வாசித்தார். யாராவது வந்தால், "உள்ளுக்கை வாருங்கோ, வெளியிலை ஒரே வெக்கை," என்பார். வந்தவர்கள் மரியாதைக்கு ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வேம்படிக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்.

இப்படி நாலு வருடம் அவர் தாக்குப் பிடித்தார். அறுபத்தைந்தில், நல்ல வெயில் காலத்தில், அவருக்குக் கொப்பளிப்பான் வந்தது.

எங்கள் பக்கத்தில் நோயை வருத்தம் என்பார்கள், இதை அம்மாள் வருத்தம். வாசல் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஆளைத் தனியே கிடத்துவார்கள். நாற்பத்திரண்டு வயதில் அது வந்தால் சின்னப்பிள்ளைக்கு வருவதுபோல லேசில் விடாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கொப்பளம். முதல்நாள் இரவு முழுக்க அந்தக் கண்ணாடி அறையில் அவர் புரண்டு புரண்டு முனகியதைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் மீனலோசனி வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை கிடந்தால் அவிஞ்சு போவியள். வேம்படியிலை ஒரு கொட்டில் போடுவிக்கிறன்."

"ஓவசியர் கொட்டிலிலை கிடக்கிறதோ?"

"ஓவசியர் கிடக்க வேண்டாம். வருத்தக்காரன் கிடக்கட்டும்."

எதிர்த்துப் பேச அவருக்குத் தெம்பில்லை. நாலு தடி நட்டு, மேலே பனையோலை வேய்ந்து, சுற்றிவரப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மறைத்து, ஒரு கொட்டில் மத்தியானத்துக்குள் எழும்பியது. தம்பையாவும் தன் வளவுப் பக்கத்திலிருந்து தடி பிடித்துக் கொடுத்தார். வழக்கு நடக்கிறது என்பதற்காக வருத்தக்காரனைக் கைவிடுவதா?

தொடக்கத்தில் கனகசபை ஓலையைப் பழித்தார், எறும்பைப் பழித்தார், தலைமாட்டில் வந்து கரைந்த காகத்தைப் பழித்தார். பிறகு பழிக்க எதுவும் மிஞ்சவில்லை. சும்மா கிடந்தார். அவர் வாழ்க்கையில் சும்மா கிடந்தது அதுவே முதல் தடவை. நிற்பதும் நடப்பதும் சைக்கிளில் போவதுமாய் இருந்த மனிதர். கட்டடம் என்றால் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

ஓலை இடுக்கால் வேம்பின் ஒரு கொப்பு தெரிந்தது. காலையில் வெயில் அதன் ஒரு பக்கத்தில் நிற்கும், பின்னேரம் மற்றப் பக்கம் போகும். நாலு மணிக்குச் சோளகக் காற்று கடல் பக்கமிருந்து வந்து இலைகளை ஒருதரம் கலைத்துப் பார்க்கும். அந்த நேரம் உடம்புக் கடி குறையும், அல்லது குறைந்ததுபோல் இருக்கும். ஓர் அணில் ஒரே கொப்பில் ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தது. அதற்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க அவர் ஒரு பகல் முழுவதையும் செலவழித்தார். கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் வருத்தம் வந்தபிறகு முதன்முதலாக நன்றாக நித்திரை கொண்டார்.

மறுநாள் மீனலோசனி இளநீரோடு வந்தபோது, அவர் கையைத் தூக்கிக் கால்மாட்டுப் பக்கத்தைக் காட்டினார்.

"அந்தக் கிடுகை வெட்டிவிடும். மேலே இல்லை, கீழ. என்ரை கண் மட்டத்துக்கு. அங்காலை என்ன இருக்கெண்டு தெரியேல்லை."

"அங்காலை கிணத்தடியும் என்ரை கத்தரிப்பாத்தியும்தான் இருக்கு."

"அதைத்தான் பாக்கோணும்."

மீனலோசனி இளநீரை அவர் கையில் கொடுத்தார். "கலியாணம் கட்டி இத்தினை வருசத்திலை ஒரு சுவரை வெட்டச் சொல்லி இப்பதான் கேட்கிறியள்," என்று சொல்லிவிட்டுக் கத்தி எடுக்கப் போனார்.

வருத்தம் மாறி, தலைக்குத் தண்ணீர் வார்த்து வீட்டுக்குள் போனபின் கனகசபை பிழையை ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை. "ஒரு சின்னத் திருத்தம்," என்றார். அந்தச் சின்னத் திருத்தத்துக்காக மேசன் யாக்கோப்பு வந்தார். மேற்குச் சுவரைக் கட்டியவரே அவர்தான்.

"ஐயா, நீங்கள் இது நூறு வருசம் நிக்கோணும் எண்டு சொன்னியள். நான் அப்பிடித்தான் கலவை போட்டனான்," என்றார் யாக்கோப்பு, சுவரைத் தடவிக்கொண்டு. "இப்ப உடைக்கோணும் எண்டால் கட்டினதிலும் பாக்க ஆள் கூட வேணும்."

ஒரு கிழமை உடைத்தார்கள். மேற்குச் சுவர் இருந்த இடத்தில் இடுப்புக்கும் கீழான ஒரு குந்துச் சுவரும் மரக் கதவுகளும் வந்தன. கண்ணாடிகள் கழன்றன. இன்னொரு சின்னத் திருத்தமாக நடு அறைக்கு அருகே ஒரு சிறு முற்றம் திறபட்டு, அதில் மாதுளை நடப்பட்டது. கூரையை மட்டும் உடைக்க முடியவில்லை. அதற்குப் பூசணிக் கொடி ஏற்றினார். இரண்டாம் வருடம் கொடி கூரை முழுவதையும் மூடியது. கீழே சூடு குறைந்தது. ஆனால் தெருவால் போகிறவர்கள் ஓவசியர் வீட்டுக் கூரையில் பூசணிக்காய் எண்ணிக்கொண்டு போனார்கள். ஊர்காவற்றுறைச் சந்தையில் யாரோ, "கனகசபையின்ரை வீட்டிலை மேல்மாடி எடுக்கினமாம், பூசணிக்காய்க்கு," என்று சொன்னதாக மீனலோசனிதான் சிரித்துச் சிரித்துக் கொண்டுவந்தார். அவருடைய தையல் மெஷின் வீட்டுக்குள் திரும்பி வந்திருந்தபடியால் கனகசபைக்கு அது பெரிதாக வலிக்கவில்லை.

அறுபத்தொன்பதில் புளியடித்துறை என்ற ஊருக்கு ஒரு பிள்ளைப்பேற்று விடுதி கட்ட உத்தரவு வந்தது. எட்டுக் கட்டில். வடக்கே கடல், தெற்கே தெரு. வரைபடம் அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தது. எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரிப் போட்ட படம். யன்னல்கள் நாலடி உயரத்தில் தொடங்கின.

சுவர் மூன்றடி எழும்பியிருந்த ஒரு காலையில் கனகசபை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டில் வரவேண்டிய இடத்தில் ஒரு பலகையைச் சாந்துத் தாச்சிகள் மேல் தூக்கிப் போட்டு, அதில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

யாக்கோப்பு கரண்டியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "ஐயா, என்ன, தலை சுத்துதோ?"

"இல்லை. சுவர்தான் தெரியுது."

"சுவர் கட்டினால் சுவர்தானே ஐயா தெரியும்."

"பிள்ளை பெத்தவள் எழும்பி நிண்டோ யன்னலாலை பாக்கப் போறாள்? கிடந்துதானே பாப்பாள். வடக்குப் பக்கம் இரண்டு வரிக் கல்லைக் கழட்டும்."

அந்த விடுதிக்கு நியமிக்கப்பட்டிருந்த மருத்துவிச்சி மாக்கிறேற், கட்டடம் எப்போது முடியும் என்று பார்க்க அடிக்கடி வருவார். ஊரில் எல்லாருக்கும் அவர் மிஸி. யன்னல் தாழப் போகிறது என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்தார்.

"ஓவசியர் ஐயா, உங்களுக்குக் காத்து, கடல். எனக்குப் பொம்பிளையள். றோட்டாலை போறவன் எல்லாம் சைக்கிளை நிப்பாட்டி எட்டிப் பாத்தால் நான் என்ன, பொல்லோடை நிக்கிறதோ?"

கனகசபை இதை யோசித்திருக்கவில்லை. அவர் படுத்திருந்தபோது வெளியே எட்டிப் பார்க்க யாரும் இருக்கவில்லை. மிஸி சொன்னபடி தெருப் பக்கத்து யன்னல்கள் வரைபடத்தில் உள்ள உயரத்திலேயே நின்றன. கடல் பக்கத்தில் மட்டும் கட்டிலின் மட்டத்துக்கு இறங்கின.

செய்தி கந்தோருக்கு எட்டியது. எஞ்சினியர் பாலசிங்கம் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளே வந்தவர் கண்டது, தன் ஓவசியர் பலகையில் மல்லாந்து கிடப்பதையும், மேசன்மார் அவரைச் சுற்றி வேலை செய்வதையும்தான்.

"கனகசபை, இது என்ன கோலம்?"

கனகசபை எழும்ப முயன்று, பாதியில் மனதை மாற்றிக்கொண்டார். எழும்பி நின்றால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். விளக்கம் சொல்ல அவருக்கு அவ்வளவு வராது.

"சேர், நீங்களும் ஒருக்கால் படுத்துப் பாருங்கோ."

பாலசிங்கம் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மேசன்மார் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. யாக்கோப்பு தன் துவாயை உதறி இன்னொரு பலகையில் விரித்தார். எஞ்சினியர் ஜீப்பைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

இரண்டு உத்தியோகத்தரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். கடலில் ஒரு வள்ளம் பாய் விரித்து அனலைதீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது வலது யன்னலில் புகுந்து, சுவருக்குப் பின்னால் மறைந்து, அடுத்த யன்னலில் வந்தது. பாலசிங்கம் அது நாலாவது யன்னலையும் கடக்கும்வரை எழும்பவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனால் ஒண்டு. நீர் படுத்துப் பாக்கிறீர். மார்கழியிலை வாடை மழையும் படுத்துத்தான் வரும். யன்னல் இவ்வளவு தாழ எண்டால் கட்டில் நனையும். பலகைக் கதவு போடும், முன்னுக்கு மரம் வையும்."

"தாழ்வாரத்தை மூண்டடி இழுத்திருக்கிறன் சேர். மழைக்கு அது காணும்."

"காணாது."

"காணும் சேர்."

எஞ்சினியர் சேட்டைத் தட்டிக்கொண்டு, யன்னலுக்கு ஒப்புதல் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே யாக்கோப்பின் ஆட்கள் கனகசபைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து புளியடித்துறையில் அவர் படுத்த ஓவசியர்.

மூன்றடி காணவில்லை. விடுதி திறந்த வருடத்து முதல் வாடை மழை, பாலசிங்கம் சொன்னபடியே, கடலின் மேல் படுத்து வந்து, தாழ்வாரத்தைக் கணக்கில் எடுக்காமல் நேரே கட்டில்களில் ஏறியது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார்கள். பிறந்து ஒருநாளான ஒரு பெண்பிள்ளைக்கு மாக்கிறேற் கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றார். கேள்விப்பட்டுக் கனகசபை சைக்கிளில் நனைந்து வந்து சேர்ந்தார். மிஸி குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். கனகசபை மழை விடும்வரை குடை பிடித்தார்.

அடுத்த கிழமை பலகைக் கதவுகள் வந்தன. கடற்கரைப் பக்கம் பூவரசந்தடிகள் வரிசையாக நட்டு, அவரே தண்ணீர் ஊற்றினார். எதற்கு மரம் என்று கேட்டவர்களிடம், "எஞ்சினியரின்ரை உத்தரவு," என்றார். வீட்டில் பூவரசை வெட்டியவர் இங்கே நடுகிறார் என்று மீனலோசனி மட்டும் சொல்லிக் காட்டினார்.

தொல்லை அதோடு முடியவில்லை. தாழ்ந்த யன்னல் ஆடுகளுக்கும் வசதியாக இருந்தது. ஒரு கிடாய் தலையை நீட்டி, பத்தியச் சோறு கட்டிவந்த வாழையிலையைத் தின்றது. பிறகு பூவரசங் கன்றுகளையும் தின்றது. கனகசபை மறுபடி நட்டுச் சுற்றிவர முள்ளு அடைத்தார். ஆனாலும் யன்னல் கட்டில்களுக்குப் போட்டி வந்துவிட்டது. "எனக்கு மூண்டாம் கட்டில் வேணும்" என்று எட்டாம் மாதமே மிஸியிடம் வந்து சொல்லிவைக்கிற பெண்கள் இருந்தார்கள். மற்ற இடங்களில் பிள்ளை பெற்றவர்கள், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்பார்கள். இங்கே, இன்னும் ஒருநாள் கிடக்கலாமா என்று கேட்டார்கள். அதற்குக் கடல் காரணமா, வீட்டில் காத்திருந்த வேலை காரணமா என்று மாக்கிறேற்றுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஒருதரம் கரையோர மீனவப் பெண் ஒருத்தி, ஜசிந்தா என்று பெயர், செத்துப் பிறந்த பிள்ளையைப் பெற்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். சாப்பிடவில்லை, புருசனோடு பேசவில்லை, அழவும் இல்லை. மாக்கிறேற் அவளைத் தொந்தரவு செய்யாமல், கட்டிலை மட்டும் இழுத்து யன்னல் பக்கம் திருப்பிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எப்போது திறந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு விடியற்காலை, மிஸி பக்கத்துக் கட்டிலில் வேலையாய் இருந்தபோது, அவளுடைய குரல் கேட்டது.

"மிஸி, அங்கை வலை இழுக்கினம். அது எங்கடை ஆக்கள். பிழையாய் இழுக்கினம்."

மாக்கிறேற் திரும்பிப் பார்த்தார். ஜசிந்தா தலையணையில் முழங்கையை ஊன்றி எழும்பியிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழுது முடித்துத் தேத்தண்ணி கேட்டாள்.

இதை மிஸி சொல்லக் கேட்ட கனகசபை யன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். பூவரசுகளில் ஒன்றின் கொப்பு யன்னலுக்கு நேரே வளர்ந்திருந்தது. கத்தி வாங்கிப் போய் அதைத் தறித்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

எழுபத்தாறில் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றபின்தான் வேலை கூடியது. தெற்கே கடை வைத்திருந்தவர்கள் ஊரில் வீடு கட்ட வரத் தொடங்கியிருந்த காலம். படம் கேட்டு வந்தவர்களிடம் அவர் பென்சிலைத் தொடுவதில்லை. முதலில் காணியில் ஒரு பாயை விரித்துப் படுக்கச் சொல்வார். பலருக்கு வெட்கம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். குருநாகலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அப்புத்துரை, நல்ல தடித்த மனிதர், ஒரு பனைக்கூடல் நிழலில் படுத்து அப்படியே நித்திரையாகிவிட்டார். அவருடைய மனைவி அன்னபூரணம் குடையோடு வெயிலில் நின்றுகொண்டு, "ஓவசியர் அண்ணை, படம் எப்ப கீறுவியள்?" என்று கேட்டார்.

"இவர் படுத்த இடத்திலைதான் தங்கச்சி படுக்கையறை. அது முடிஞ்சுது. குசினிக்கு நீர் எங்கை நிக்கப் போறீர் எண்டு சொல்லும்."

அன்னபூரணம் காணியைச் சுற்றி நடந்து, ஓர் இடத்தில் காற்றுப் பட்டதும் நின்று, "இஞ்சை," என்றார். அந்த வீடு பழுதில்லை. கிழக்குப் பக்கத்து மழைநீர் மட்டும் உள்ளே வரும். அதை இரண்டு தடவை திருத்தினார்கள்.

எழுபத்தொன்பதில் கமலாதேவி முதல் பிள்ளைக்குத் தாய்வீடு வந்தாள். புருசன் கொழும்பில் உத்தியோகம். யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னார்கள். கனகசபையோ புளியடித்துறைக்குப் போய் மூன்றாம் கட்டில் எப்போது காலியாகும் என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார். கடைசியில் மாக்கிறேற் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இஞ்சையே பாக்கலாம்," என்று சொன்ன பிறகுதான் மீனலோசனி சம்மதித்தார்.

ஆண்பிள்ளை. சுகப் பிரசவம். காலையில் உள்ளே போக விட்டதும், கனகசபை பேரனை எட்டிப் பார்த்த கையோடு மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, நோவு நேரம் யன்னலாலை பாத்தனியோ? கடல் தெரிஞ்சுதோ?"

"நான் கண்ணைத் திறந்தால்தானே அப்பா!" என்றாள் கமலாதேவி. "இறுக்கிப் பொத்திக்கொண்டு கத்தினனான். யன்னல் எங்கை, சுவர் எங்கை எண்டும் தெரியாது."

மீனலோசனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். மாக்கிறேற் மருந்துப் போத்தல்களை அடுக்குவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கனகசபை, பரவாயில்லை, பிள்ளை சுகம்தானே என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே இறங்கிப் போனார். கடற்கரைப் பக்கம், தான் நட்ட பூவரசுகளின் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முகம், நாலு யன்னலும் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதுபோல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மகளின் குரல் வந்தது. பிள்ளை மார்பில் நித்திரையாகியிருந்ததால் மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

"அப்பா."

"என்ன பிள்ளை? ஏதும் வேணுமோ?"

"கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ. வள்ளம் ஒண்டு வருது, நீங்கள் மறைக்கிறியள்."

கனகசபை அவசர அவசரமாக விலகி, ஆடு தின்னாமல் புதுக் கன்றுக்கு அடைத்திருந்த முள்ளில் கால் வைத்து, நொந்ததைக் காட்டிக்கொள்ளாமல் நின்றார்.